மறுமைக் கூலியைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழுகிறோம், நோன்பு வைக்கிறோம், கையில் இருப்பதில் கொஞ்சம் கொடுக்கிறோம். இதற்கெல்லாம் அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை சரியானதுதான். குர்ஆன் திரும்பத் திரும்பத் தரும் வாக்குறுதி அது. ஆனால் அந்தக் கூலிக்கு நாம் மனதில் போட்டு வைத்திருக்கும் கணக்கும் குர்ஆன் சொல்லும் கணக்கும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. தொழுகை, திக்ரு (இறைவனை நினைவுகூர்தல்), உம்ரா (மக்கா யாத்திரை) என்று ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிக்கொண்டே போகிறோம். மனிதர்களுக்குச் சேர வேண்டியதை எண்ணுவதே இல்லை.

நல்லவர் யார் என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 177ஆவது வசனம் விரிவாகச் சொல்கிறது. முகத்தைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவது மட்டும் நன்மையாகிவிடாது என்று தொடங்கி, ஈமான் என்னும் இறைநம்பிக்கையைச் சொல்கிறது. அடுத்து, பொருள்மீது ஆசை இருந்தும் அதை உறவினர், அநாதை, ஏழை, வழிப்போக்கர், கேட்டு வருபவர், அடிமை விடுதலை ஆகியவற்றுக்குக் கொடுப்பதைச் சொல்கிறது. தொழுகையும் ஜக்காத் என்னும் கட்டாயத் தர்மமும் அதற்குப் பிறகு வருகின்றன. வாக்கைக் காப்பதும், வறுமையிலும் நோயிலும் போரிலும் பொறுமையாக இருப்பதும் கடைசியில். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகள் பாதி தானாகவே புரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் நன்மைகள்

'இந்த துஆவை இத்தனை முறை ஓதினால் இத்தனை லட்சம் நன்மை, பத்துப் பேருக்கு அனுப்பினால் சொர்க்கம் நிச்சயம், அனுப்பாமல் விட்டால் முஸீபத்து வரும்.' ரமளான் பிறந்தால் போதும், எல்லோர் வீட்டுக் கைப்பேசியிலும் இது வந்து நிற்கும். அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஆனால் நபி (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் சொன்னதாகப் பரப்புவது சாதாரணப் பிழை கிடையாது. 'என்மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தன் இருப்பிடத்தைத் தேடிக்கொள்ளட்டும்' என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் இருக்கிறது. இதை அறிவித்த ஸஹாபாக்கள் (நபித் தோழர்கள்) ஏராளம். தெரியாமல் அனுப்புகிறவரும் வேண்டுமென்றே பொய் சொல்கிறவரும் ஒன்றில்லை என்றாலும், விசாரிக்காமல் பரப்பும் பழக்கத்தை நியாயப்படுத்த முடியாது.

நல்ல எண்ணத்தில் ஹதீஸ் புனைவது இன்று நேற்று வந்ததும் இல்லை. ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் மர்வ் நகரில் காஜியாக (நீதிபதியாக) இருந்தவர் நூஹ் பின் அபீமர்யம். குர்ஆனின் ஒவ்வொரு சூராவுக்கும் தனித்தனிச் சிறப்பு சொல்லும் ஹதீஸ்களை அவர் அறிவித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டபோது, 'மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் (சட்டக் கலையிலும்) இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாற்றிலும் மூழ்கிவிட்டார்கள். அவர்களைத் திருப்ப நானே புனைந்தேன்' என்று சொன்னதாக ஹதீஸ் கலை நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. இமாம்கள் இந்த நல்லெண்ணத்தை ஏற்கவில்லை. அவருடைய அறிவிப்பையே தூக்கி எறிந்தார்கள்.

உண்மையான ஹதீஸ்களில் இல்லாத நன்மையா? குல் ஹுவல்லாஹு அஹத் சூரா குர்ஆனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம் என்று புகாரியில் இருக்கிறது. நாவுக்கு லேசானவை, தராசில் கனமானவை என்று இரண்டு வார்த்தைகளை நபியவர்கள் சொன்னார்கள்: ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, ஸுப்ஹானல்லாஹில் அளீம். இமாம் புகாரி தம் தொகுப்பை முடித்ததே இந்த ஹதீஸைக் கொண்டுதான். இவ்வளவு இருக்கும்போது ஆதாரமில்லாத பட்டியல் எதற்கு? ஊரில் இருக்கும் ஆலிம் ஒருவரிடம் 'இது சரியா ஹஜ்ரத்?' என்று கேட்டுவிட்டு அனுப்பினால் போதும். பதில் வரும்வரை அனுப்பாமல் இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

அமல் (நற்செயல்) சொர்க்கத்தின் விலை என்று நினைப்பது, அமலே வேண்டாம் என்று நினைப்பது

'உங்களில் எவரையும் அவருடைய அமல் சொர்க்கத்தில் சேர்க்காது' என்று நபியவர்கள் சொன்னார்கள். 'உங்களையுமா, அல்லாஹ்வின் தூதரே?' என்று கேட்டார்கள் தோழர்கள். 'என்னையும்தான், அல்லாஹ் தன் அருளால் என்னைப் போர்த்தினாலே தவிர' என்பது பதில். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. ஆனால் குர்ஆனோ, 'நீங்கள் செய்துகொண்டிருந்தவற்றுக்காகச் சொர்க்கத்தில் நுழையுங்கள்' (அத்தியாயம் 16, வசனம் 32) என்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். ஒருவர், இவ்வளவு செய்தேன், இவ்வளவு கிடைத்தாக வேண்டும் என்று உரிமை கொண்டாடுகிறார். இன்னொருவர், எல்லாம் அவன் ரஹ்மத்துதானே என்று ஜும்ஆவோடு நிறுத்திக்கொள்கிறார்.

இரண்டையும் ஒரே வசனத்தில் சேர்த்துப் பார்க்கலாம். அல்அஃராஃப் 43ஆவது வசனத்தில் சொர்க்கவாசிகள் பேசுகிறார்கள்: 'இந்த வழியை எங்களுக்குக் காட்டிய அல்லாஹ்வுக்கே புகழ். அவன் காட்டியிருக்காவிட்டால் நாங்கள் வழி கண்டிருக்கவே மாட்டோம்.' செய்தவர்கள், தாங்கள் செய்ததைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதே வசனத்தில் அவர்களுக்கு அழைப்பு வருகிறது: 'நீங்கள் செய்துவந்தவற்றுக்காக இந்தச் சொர்க்கம் உங்களுக்குச் சொந்தமாக்கப்பட்டது.' அடியான் தன் ரப்பான இறைவனைச் சொல்கிறான், ரப்பு அடியானின் உழைப்பைச் சொல்கிறான். நல்லடியார்களின் அதபு (பண்பு) இந்த வசனத்தில் முழுமையாக இருக்கிறது. இதை ஓதும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுதான் மேலே போகிறேன்.

இதனால்தான் அவர்களுக்கு அச்சமும் இருந்தது. உள்ளம் நடுங்கியபடியே கொடுப்பவர்களைப் பற்றி 23:60 பேசுகிறது. அவர்கள் மது குடித்தவர்களா, திருடியவர்களா என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) கேட்டார்கள். 'இல்லை, அவர்கள் நோன்பு வைத்து, தொழுது, தர்மமும் செய்கிறவர்கள். தங்களிடமிருந்து ஏற்றுக்கொள்ளப்படாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள்' என்றார்கள் நபியவர்கள். பாவம் செய்தவர் நம்பிக்கை இழந்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று 39:53 அழைப்பது தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்துகொண்ட அடியார்களைத்தான்.

கஞ்சிப் பலகையில் பெயர்

ரமளானில் பல பள்ளிவாசல்களில் ஒரு கரும்பலகை தொங்கும். 'இன்றைய நோன்புக் கஞ்சி உபயம்' என்று சாக்பீஸில் எழுதி, கீழே பெயர். அஸருக்குப் பிறகு மைக்கிலும் வாசிப்பார்கள். இதில் தவறு இருக்கிறதா? பெயரை எழுதுவது தவறில்லை. தர்மத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லதுதான், மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று 2:271 சொல்கிறது. ஒருவர் கொடுப்பதைப் பார்த்து நாலு பேர் கொடுப்பதும் நடக்கிறது. பிரச்சினை, ஒரு நாள் பலகையில் பெயர் விட்டுப்போகும்போது தெரியும். அன்று நிர்வாகியிடம் போய்ச் சண்டை போடுகிறோமா, அடுத்த வருடம் கொடுக்க மாட்டேன் என்கிறோமா? அப்படியானால் அந்தக் கஞ்சி யாருக்காகக் காய்ச்சப்பட்டது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுமையில் முதலில் தீர்ப்புச் சொல்லப்படும் மூன்று பேரைப் பற்றி முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. போரில் உயிரைக் கொடுத்தவர், கல்வி கற்றுக்கொடுத்துக் குர்ஆன் ஓதியவர், வாரி வழங்கியவர். மூவருமே செய்தது பெரிய அமல். வீரன் என்று, ஆலிம் என்று, வள்ளல் என்று பேர் வாங்குவதற்காகச் செய்தாய், அந்தப் பேர் உனக்குக் கிடைத்துவிட்டது என்று சொல்லி மூவரும் நரகத்தில் எறியப்படுகிறார்கள். கேட்கும்போதே வயிற்றைப் பிசைகிற ஹதீஸ் இது.

ஜக்காத் கொடுக்கும்போது வாங்குகிறவரை நிற்க வைத்துப் படம் எடுப்பது இதைவிட மோசம். இதில் வாங்குகிறவரின் மானமும் போகிறது. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்கிறது 2:264. வழுக்குப் பாறைமேல் படிந்த மண்ணை ஒரு பெருமழை அடித்துக்கொண்டு போவதை அதற்கு உவமையாகவும் காட்டுகிறது. கணவனை இழந்த ஒரு பெண் அரிசிப் பையைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நிற்கும் படத்தைக் குழுவில் போடுகிறவர்கள் இந்த வசனத்தை ஒரு தடவை ஓதிவிட்டுப் போடட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முகஸ்துதி வந்துவிடுமோ என்ற பயத்தில் நல்ல காரியத்தையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நன்மை செய்கிறார், அதற்காக மக்கள் அவரைப் புகழ்கிறார்கள், இது எப்படி என்று நபியவர்களிடம் கேட்கப்பட்டது. அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்றார்கள். புகழ் தேடிப் போகாமல் வந்தால் தப்பில்லை.

சொர்க்கத்தைச் சுருக்கிவிடுவது

சில பயான்களில் (மார்க்க உரைகளில்) சொர்க்கம் என்றால் ஹூர் என்னும் சொர்க்கக் கன்னியரைப் பற்றிய வர்ணனையோடு முடிந்துவிடுகிறது. பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும் பெண்கள், எங்களுக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கும்படி ஆகிவிடுகிறது. குர்ஆன் அவர்களை அப்படித் தவிக்க விடவில்லை. 'ஆணாயினும் பெண்ணாயினும் உங்களில் உழைத்தவரின் உழைப்பை வீணாக்க மாட்டேன்' என்கிறது 3:195. 33:35இல் முஸ்லிமான ஆண்களும் பெண்களும், உண்மை பேசும் ஆண்களும் பெண்களும், பொறுமையான ஆண்களும் பெண்களும் என்று பத்து இணைகளாக அடுக்கி, எல்லோருக்கும் மன்னிப்பும் மகத்தான கூலியும் இருப்பதாகச் சொல்கிறது.

குர்ஆனில் நதிகளும் நிழல்களும் கனிகளும் துணைகளும் வருகின்றன. அவற்றை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்தத் தோட்டங்களையும் மாளிகைகளையும் சொன்ன 9:72, 'அல்லாஹ்வின் பொருத்தம் இதைவிடப் பெரியது' என்று சேர்த்துச் சொல்கிறது. தங்கள் ரப்பைப் பார்த்தபடி மலர்ந்திருக்கும் முகங்களைப் பற்றி 75:22-23 சொல்கிறது. பெற்றோர், துணைவர், பிள்ளைகள் என்று குடும்பத்தில் நல்லவர்களாக இருந்தோர் ஒன்றாக நுழைவதை 13:23 காட்டுகிறது. தாயைக் கபுரில் வைத்துவிட்டு வந்த ஒருவருக்கு இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்படும் சொர்க்கம் அதுதான்.

தீர்ப்பு எழுதுவது

மய்யித்து (இறந்தவர்) வீட்டில் நிற்கும்போதே 'இவர் சொர்க்கவாதி, சந்தேகமே இல்லை' என்று சொல்லிவிடுகிறோம். அன்பில் வரும் வார்த்தை அது. உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) பத்ர் போரில் கலந்துகொண்டவர். அவர் இறந்தபோது உம்முல் அலா என்ற அன்ஸாரிப் பெண், 'அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்திவிட்டான்' என்றார். நபியவர்கள் உடனே, 'அது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டார்கள். அவருக்கு நன்மையையே தாமும் ஆதரவு வைப்பதாகவும் சொன்னார்கள். ஆதரவு வைக்கலாம், துஆச் செய்யலாம், உறுதி சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத் தீர்ப்பு இன்னும் ஆபத்து. 'இன்னாரை அல்லாஹ் மன்னிக்கவே மாட்டான்' என்று ஒருவர் சத்தியம் செய்தார். 'நான் மன்னிக்க மாட்டேன் என்று என்மீது சத்தியம் செய்ய இவன் யார்? அவனை நான் மன்னித்துவிட்டேன், உன் அமலை அழித்துவிட்டேன்' என்று அல்லாஹ் சொன்னதாக முஸ்லிமில் வருகிறது. இயக்கச் சண்டையில் எதிர்த்தரப்பை நரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தங்களுடைய அமலைத்தான் அவர்கள் பணயம் வைக்கிறார்கள்.

சின்ன அமலை அலட்சியமாகப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். பாதையில் கிடந்த முள் கிளையை அகற்றியவர் மன்னிக்கப்பட்டார். தாகத்தில் கிடந்த நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த பாவியான பெண் மன்னிக்கப்பட்டாள். பிலால் (ரலி) அவர்களின் காலடி ஓசையைச் சொர்க்கத்தில் கேட்டதாக நபியவர்கள் சொன்னபோது, அதற்குக் காரணமாக அவர் நினைத்த அமல், ஒவ்வொரு உளூவுக்குப் (அங்கத் தூய்மைக்குப்) பின்னும் தம்மால் இயன்றதைத் தொழுததுதான். உம்ராவுக்கு வசதி இல்லையே என்று வருத்தப்படுகிறவர் இந்த மூன்று பேரையும் நினைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு

'திவாலானவர் யார் தெரியுமா?' என்று நபியவர்கள் ஒருமுறை கேட்டார்கள். கையில் காசும் பொருளும் இல்லாதவர் என்றார்கள் தோழர்கள். இல்லை, தொழுகையும் நோன்பும் ஜக்காத்தும் கொண்டு மறுமைக்கு வருகிறவர் என்றார்கள் நபியவர்கள். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர்மீது அவதூறு சொல்லியிருப்பார், ஒருவருடைய பொருளைத் தின்றிருப்பார், ஒருவரை அடித்திருப்பார். அவருடைய நன்மைகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார்கள். நன்மை தீர்ந்து பாக்கி நின்றால், அவர்களுடைய பாவங்களை எடுத்து இவர்மேல் போட்டு நரகத்தில் எறிவார்கள். முஸ்லிமில் இருக்கிறது.

இதை பயானில் கேட்டுவிட்டு நேராகப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம். வாப்பா மௌத்தாகி வருடம் திரும்பியிருக்காது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து தங்கச்சியை அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருக்கும். 'உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டோமே, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நாங்கதானே வரணும்.' அவளுக்கு மறுத்துப் பேசத் தெரியாமல் இல்லை. பேசினால் தாய்வீட்டு வாசல் மூடிவிடும் என்று தெரியும். விரலில் மை தடவிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறாள். 'மனசார விட்டுக்கொடுத்துவிட்டாள்' என்று ஊரில் பேச்சு.

அவளுடைய பங்கை அல்லாஹ் குர்ஆனில் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்நிஸா 11, 12ஆவது வசனங்களில் யாருக்கு எவ்வளவு என்று பாதி, கால், எட்டில் ஒன்று என்று பின்னக் கணக்கோடு இருக்கிறது. உடனே வரும் 13ஆவது வசனம், 'இவை அல்லாஹ்வின் வரம்புகள்' என்று சொல்லி, கட்டுப்பட்டவருக்குச் சொர்க்கத்தை வாக்களிக்கிறது. 14ஆவது வசனம் வரம்பு மீறியவருக்கு நரகத்தைச் சொல்கிறது. சொர்க்கத்தின் நதிகளைப் பற்றிய வாக்குறுதி இங்கே பாகப்பிரிவினைக்கு அடுத்த வரியில் நிற்கிறது. தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) தொழுதுகொண்டே தங்கச்சியின் பங்கில் குடியிருப்பவர் இந்த நான்கு வசனங்களையும் ஒரே மூச்சில் ஓத வேண்டும். அவள் உண்மையிலேயே மனமுவந்து தருகிறாளா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. முதலில் அவள் பங்கை அளந்து அவள் பெயருக்கே மாற்றிக் கொடுங்கள். அப்புறம் அவள் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடனும் அப்படித்தான். ஒரு ஜனாஸாவைத் (இறந்தவரின் உடலை) தொழ வைக்கக் கொண்டுவந்தார்கள். கடன் இருக்கிறதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் இருந்தது, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை. 'உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள்' என்றார்கள். அந்தக் கடன் என் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) சொன்ன பிறகே தொழ வைத்தார்கள். வெறும் மூன்று தீனார். ஷஹீதின் (இறைவழியில் உயிர் தந்தவரின்) எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்றும் வருகிறது. பின்னாளில் வெற்றிகள் வந்து வசதி ஏற்பட்டபோது, கடனோடு இறப்பவரின் கடனை நானே அடைக்கிறேன் என்று நபியவர்கள் அறிவித்தார்கள். ஜமாஅத்தின் பொதுநிதிகளான பைத்துல்மால்கள் இந்த வழிமுறையைக் கையில் எடுத்தால் எத்தனை குடும்பங்கள் நிம்மதியாகும்!

ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. நாற்பதாம் நாள் சோறு ஆக்கக் கடன் வாங்குகிறோம். இறந்தவர் மளிகைக் கடையில் வைத்துவிட்டுப் போன பாக்கி அப்படியே நிற்கிறது. மனைவியின் மஹர் (கணவன் தர வேண்டிய மணக்கொடை) அவர் உயிரோடு இருக்கும்போதும் கொடுபடவில்லை, இப்போதும் யாருக்கும் நினைவில்லை. அதுவும் கடன்தான். வாரிசுப் பங்கைச் சொல்லும் அந்த இரண்டே வசனங்களில், மரண சாசனமும் கடனும் போகத்தான் பங்கு என்று அல்லாஹ் நான்கு முறை சொல்கிறான். சாப்பாடு கொடுப்பதைப் பற்றி ஆலிம்களிடையே பேச்சு இருக்கலாம். கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சே இல்லை.

திட்டியது, புறம் பேசியது, அவதூறு பரப்பியது இவற்றுக்கெல்லாம் பத்திரம் கிடையாது, பாக்கிச் சீட்டும் கிடையாது. அதனால்தான் மறந்துபோகிறது. மானத்திலோ வேறு எதிலோ தன் சகோதரருக்கு அநியாயம் செய்தவர், தீனாரும் திர்ஹமும் இல்லாத நாள் வருவதற்கு முன் இன்றே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று புகாரியில் இருக்கிறது. தவ்பா (பாவமன்னிப்புக் கோருதல்) செய்தால் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையில் உள்ளதற்கு அது போதும். அடுத்தவரின் பொருளை வைத்துக்கொண்டு செய்யும் தவ்பாவில், பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு பகுதி. உரியவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எழுதி வைப்பதிலிருந்து. மரண சாசனம் செய்ய வேண்டிய பொருள் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்று நபியவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட இப்னு உமர் (ரலி), அன்றிலிருந்து சாசனம் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்கிறார்கள். ஒரு நோட்டு போதும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய அமானிதம் நம்மிடம் இருக்கிறது, மஹர் கொடுத்தாயிற்றா, ஜக்காத் எந்த வருடம் விட்டுப்போனது, விட்டுப்போன நோன்பு எத்தனை. தர்மத்துக்கு ஏதாவது எழுத நினைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அந்த மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்று ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னார்கள். வாரிசுக்குச் சாசனம் இல்லை, எனவே ஒரு மகனுக்குக் கூடுதலாக எழுதி வைப்பதும் செல்லாது. எழுதியதைத் தேதியிட்டு, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, நோட்டு இருக்கும் இடத்தை மனைவியிடமோ மகளிடமோ சொல்லி வையுங்கள்.